நாயின் கழுத்துப்பட்டை

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று ஊர் காலியானபோது, பக்கத்து வீட்டார் பாத்திரங்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு நாயை மட்டும் விட்டுப் போனார்கள். ஆழ்வார்பேட்டையில் நாங்கள் குடியிருந்த போர்ஷனுக்கு அது தானாகவே வந்து சேர்ந்தது. மறுநாளே அதற்கு லைசென்ஸ் எடுத்துவிட்டேன். சர்க்கார் குமாஸ்தாவின் வீட்டில் லைசென்ஸ் இல்லாத பிராணி இருக்கலாமா? லைசென்ஸ் நம்பர் பொறித்த பித்தளை வில்லையைப் புதுத் தோல்பட்டையில் கோத்துக் கழுத்தில் பூட்டினேன். பட்டை எப்போதும் இருக்க வேண்டும் என்பது விதி. எப்போதும் என்றால் எப்போதும்தான்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை, நாய் சொறிய ஆரம்பித்தது. பின்னங்கால் கழுத்தைப் பிறாண்டும் வேகத்தில் வில்லை கிணுகிணுத்து, மாடியில் வீட்டுச் சொந்தக்காரரின் பூஜை கெட்டது. அவர் இறங்கி வந்தார்.

"ஓய், பத்து நாள் தரேன். அதுக்குள்ள சொறி நிக்கலேன்னா, நாயைக் கொண்டுபோய் அடையாத்துக்கு அந்தண்டை விட்டுட்டு வந்துடும்."

நாய்க்குத் தயிர்சாதம் பிசைந்துகொண்டிருந்த என் மனைவி, அவரை விட்டுவிட்டு என்னை முறைத்தாள்.

வைத்தியத்தை முறையாகத் தொடங்கினேன். காலையில், ஆறவைத்த வேப்பிலைக் கஷாயத்தில் குளியல். மாலையில், தேங்காய் எண்ணெயில் குழைத்த கந்தகம். எல்லாவற்றையும் நேரம் போட்டு நோட்டில் எழுதினேன். குளிப்பாட்டும்போதும் விதிப்படி பட்டையைக் கழற்றவில்லை. ஐந்தாம் நாள் கழுத்து புண்ணாகியிருந்தது. நோட்டில் ஒரு குறையும் இல்லை.

அன்று என்னை ஆபீசுக்கு ஏற்றிப்போக வந்த ஜட்கா வண்டிக்கார பாய், நாயைத் தடவிக்கொடுத்தபடி பட்டைக்கடியில் விரலை விட்டார்.

"இன்னா சார், உள்ளே ஈரமா கீது. தோலு ஊறிப் போய்க்கினு கீது. எத்தினி நாளா அவுக்கல?"

"அவுக்கப்படாது பாய். விதி."

"வண்டி நின்னா என் குதிரைக்கே வாரை அவுத்து, தொடச்சி, காத்தாட வுடுவேன். இது இன்னா வண்டியா இழுக்குது?"

"நன்னா கேளுங்கோ பாய்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

பட்டையைக் கழற்றினேன். கஷாயம் அதேதான். ஆனால் குளித்ததும் பழைய துண்டால் ஈரத்தை ஒற்றி, வெயிலில் நிறுத்தி உலர்த்தினோம். பட்டை கழற்றிய மூன்றாம் நாள் நாய் பின்னங்காலைத் தூக்கியது, எதற்கென்று மறந்ததுபோல் கீழே வைத்துவிட்டது.

பத்தாம் நாள் வீட்டுச் சொந்தக்காரர் நாயை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"சொறி இல்லை, சரி. பட்டை எங்கே? தெருவில போனா கார்ப்பரேஷன்காரன் பிடிச்சுண்டு போயிடுவானே. ரூல்ஸ் உமக்குத் தெரியாதோ?"

ஓய்வு பெறும்வரை எந்த அதிகாரியும் என்னை அப்படிக் கேட்டதில்லை. நான் வாய் திறப்பதற்குள் மனைவி ஒரு துணிப் பட்டையைக் கொண்டு வந்தாள். நாய் வெளியே போகும்போது மட்டும் கட்டுவதற்காக அவளே தைத்தது. வில்லை அதில் தொங்கியது. மெத்தென்ற துணி, மயில்கண் கரை.

என் ஆபீஸ் அங்கவஸ்திரத்தை இரண்டு நாளாகத் தேடிக்கொண்டிருந்தேன்.