அருளப்பண்ணன் வாய் திறந்து சொல்லாதது

முதல் ஷிஃப்ட் முடிந்து வண்டியை எடுக்கப் போனபோது செய்தி வந்தது. எங்கள் திரைப்படக் கழகத்தின் பொருளாளர்தான் போனில். "அருளப்பன் போயிட்டாருங்க" என்றார். பல மாதங்களாகப் படுக்கையில் இருந்தவர்தான், எதிர்பார்த்ததுதான். ஆனாலும் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியைத் தேடிக்கொண்டிருந்தேன். வண்டி எதிரிலேயே நின்றது.

அருளப்பண்ணனை அறிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். சுரங்கத்தில் கன்வேயர் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆண்டுதோறும் தவக்காலத்தில் நம் நகரிய மன்றத்தில் அந்தப் பழைய ஊமைப்படத்தைத் திரையிட்டவர். அதே பிரிவில் அவருக்குப் பின் வேலைக்குச் சேர்ந்தவன் நான். அவரைப் புகழ்ந்து நாலு பக்கம் எழுதுவது எனக்குக் கஷ்டமே இல்லை. அப்படி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

முப்பதாம் நாள் திருப்பலி முடிந்த பிறகு, வடக்குத்து ஊரில் அவர்கள் கட்டிய வீட்டுக்குப் போய் அண்ணன் மனைவி ரெஜினா அண்ணியிடம் விஷயத்தைச் சொன்னேன். கழகத்தின் மலரில் அண்ணனைப் பற்றி எழுதப்போகிறேன், ஏதாவது சேர்க்க வேண்டுமா என்று கேட்டேன். "சேக்கணும் தம்பி" என்றார் அண்ணி. "என்னைப் பத்தி இந்த ஊர்ல ஒரு கதை சுத்திகினு கெடக்கே, அது பொய்யின்னு அவர்தான் சொல்லணும்னு காத்துகினு இருந்தேன். சொல்லாமலே போயிட்டாரு. எழுதறதா இருந்தா அதையும் எழுதுங்க. இல்லன்னா எழுதவே வேணாம்."

அந்தக் கதை உங்களில் பலருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அதற்கு வருவதற்கு முன் படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அண்ணனைப் பற்றிப் பேசினால் படத்தை விட முடியாது.

ஏதோ ஒரு குளிர் நாட்டுப் படம். ஊருக்கு வெளியே ஒரு ரயில்வே கேட். கேட்காரனும் மனைவியும் பக்கத்துச் சிறு வீட்டில் இருக்கிறார்கள். மாலை ரயில் அங்கே தண்ணீர் பிடிக்க நிற்கும். அதில் வந்துபோகும் நாடகக்காரி ஒருத்தி ஜன்னல் வழியே அவனைப் பார்த்துச் சிரிப்பாள். ஒரு நாள் அவன் கேட்டைத் திறந்தபடியே விட்டுவிட்டு அந்த ரயிலில் ஏறிவிடுவான். மாவு பிசைந்துகொண்டிருந்த மனைவி ஓடிவந்து கேட்டை மூடிக் கொடியைக் காட்டுவாள். அன்றிலிருந்து கேட் அவள் பொறுப்பு. பனிக்காலம் முடிந்து ஒரு மாலையில் அவன் தண்டவாளத்தின் மேல் நடந்தே திரும்பி வருவான். அவள் எதுவும் கேட்கமாட்டாள். கையிலிருந்த விளக்கை அவன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போவாள். கதவு திறந்தே இருக்கும். அவ்வளவுதான் படம்.

முதல் முறை திரையிட்டபோது மன்றத்தில் ஒரே கூச்சல். அவன் ரயிலில் ஏறியதும் பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, "ரிலீவர் வராம எப்படிங்க எடத்த வுட்டுப் போவான்?" என்று கேட்டார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மாற்று ஆள் வந்து கையெழுத்துப் போடாமல் ஷிஃப்டை விட்டு இறங்குவது நம் ஊரில் நினைத்துப்பார்க்க முடியாத காரியம். மெமோ கொடுத்திருக்கமாட்டார்களா, சஸ்பெண்ட் செய்திருக்கமாட்டார்களா என்று படம் முடியும்வரை அதே பேச்சு. அண்ணனும் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு ப்ரொஜெக்டரைக் கட்டி வைக்கும்போது, "பொண்டாட்டிய வுட்டுட்டுப் போனானேன்னு ஒருத்தர்கூட கேக்கலியே தம்பி" என்றார். சிரிப்பு போய்விட்டிருந்தது.

அந்தப் படத்துக்குப் பின்னணி இசை போட அவர் ஒருநாளும் சம்மதித்ததில்லை. இடையில் வரும் எழுத்துகளைத் தமிழில் அவரே உரக்கப் படிப்பார். மற்ற நேரத்தில் மூச்சுச் சத்தம்கூடக் கூடாது. கன்வேயர் பெல்ட்டை இழுக்கும் மோட்டாருக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்ப்பவர்களுக்கு இது புதிதல்ல. அந்த இரைச்சலில் வாய்ப்பேச்சு எடுபடாது. பெல்ட்டை நிறுத்து, ஓட்டு, எண்ணெய் கசிகிறது, டீ வந்துவிட்டது, எல்லாமே கைஜாடைதான். "நமக்கு இது ஊமைப்படமே இல்ல தம்பி, தினம் டியூட்டியில பாக்குறதுதான்" என்பார்.

ஒரு காட்சியில் மட்டும் அவரால் சும்மா இருக்க முடியாது. மனைவி முதல்முறை கொடி காட்டும்போது கையிலுள்ள மாவு கொடியில் ஒட்டிக்கொள்ளும். ரயில் போன பிறகு அவள் அந்த மாவைச் சுரண்டிச் சுரண்டி எடுப்பாள். முகத்தை ஒரு கணம்கூட அருகில் காட்டமாட்டார்கள். "எல்லாரும் போனவன் மூஞ்சியவே தேடிகினு இருக்கீங்க. நின்னவ கையப் பாருங்க" என்பார் அண்ணன். நானும் பார்த்தேன். படம் பார்ப்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரிந்தது அவரால்தான்.

இனி ஊர்க்கதை. அண்ணன் இளவயதில் பயிற்சிக்காக வடநாட்டுக்குப் போய்ச் சில மாதம் தங்கினார். அவர் திரும்பி வந்த ஒரு வாரத்துக்குள் அண்ணி குவார்ட்டர்ஸை விட்டு முத்தாண்டிக்குப்பத்தில் உள்ள தாய்வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே முந்திரி உடைக்கும் வேலைக்குப் போனார். ஒரு நாள் முந்திரி வியாபாரியின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனதை யாரோ பார்த்தார்கள். நகரியத்துக்கு அது போதாதா? புருஷன் ஊரில் இல்லாதபோதே ஆரம்பித்த விவகாரம் என்று பிளாக் பிளாக்காகப் பேசினார்கள். ஒரு வருடம் கழித்து அண்ணி திரும்பி வந்தபோது, மறுபேச்சில்லாமல் சேர்த்துக்கொண்ட அருளப்பனைக் கோயில் வாசலில் கைபிடித்துக் குலுக்கினார்கள். அண்ணியிடம் யாரும் பேசவில்லை.

அதன் பிறகுதான் படம் வந்தது. படத்தில் தவறுகிறவன் ஆண். அதைப் பார்த்தும் ஊருக்கு உறைக்கவில்லை. பெண்டாட்டி மனம் புண்படக் கூடாதென்று, ஆண் தப்பு செய்கிற படமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார், எப்பேர்ப்பட்ட மனுஷன் என்றார்கள். படம் போடப்போட அண்ணனின் பெருமை ஏறிக்கொண்டே போனது. அண்ணி ஒவ்வோர் ஆண்டும் முன்வரிசை ஓரத்தில் வந்து உட்கார்ந்திருப்பார். மன்னிக்கப்பட்டவர் நன்றியோடு உட்கார்ந்திருக்கிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

உண்மையை அண்ணி சொன்னபோது குரல் உயரவில்லை. பயிற்சிக்குப் போன ஊரில் அண்ணனுக்கு வேறொரு பெண்ணோடு உறவு. ஊர் திரும்பியதும் மறைக்க முடியாமல் அவரே சொல்லிவிட்டார். அண்ணி கிளம்பிப் போனது அதனால்தான். அந்த வியாபாரி அண்ணிக்குச் சித்தப்பா முறை. அண்ணன் வாராவாரம் பஸ் ஏறி முத்தாண்டிக்குப்பம் போய், வீட்டு வாசலில் நின்று அழைத்திருக்கிறார். கடைசியில் அண்ணி ஒரே ஒரு நிபந்தனை போட்டார். தன் பேர் கெட்டுக் கிடக்கிறது, அதை அவரே நாலு பேர் முன்னால் சரிசெய்ய வேண்டும். அண்ணன் ஒப்புக்கொண்டார். எப்படி ஆரம்பிப்பதென்று தெரியவில்லை, ஒரு படத்தைப் போட்டுவிட்டு அதைத் தொட்டுப் பேசிவிடுகிறேன் என்றாராம்.

ஒவ்வொரு தவக்காலத்திலும் படம் முடிந்ததும் அண்ணன் மைக்கைப் பிடித்தார். ஒளியைப் பற்றிப் பேசினார், கேமராவைப் பற்றிப் பேசினார், மாவைப் பற்றிப் பேசினார். அண்ணி காத்துக்கொண்டிருந்தார். அவர் முன்வரிசைக்கு வந்தது அதற்காகத்தான்.

கடைசித் திரையிடல் உங்களுக்கு நினைவிருக்கும். அன்று முடியும் தறுவாயில் படம் சிக்கி நின்று, மறுபடி ஓடியது. அண்ணன் மைக்கைப் பிடித்தார், பேச்சு வரவில்லை. உள்ளங்கையால் நெஞ்சை இரண்டு தரம் தட்டினார். நெஞ்சுவலி என்று நினைத்து நாற்காலி கொண்டுவந்தீர்கள், தண்ணீர் கொடுத்தீர்கள். எங்கள் கன்வேயர் ஆட்களுக்கு அந்த ஜாடை தெரியும். பெல்ட் நின்றுபோய், கோளாறு எங்கே என்று தூரத்திலிருந்து கேட்டால் அப்படித்தான் தட்டிக் காட்டுவோம். என் பக்கம்தான் கோளாறு என்று அர்த்தம். படம் சிக்கியதற்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். வேறென்ன நினைப்பது?

இதை அண்ணியிடம் சொன்னேன். அவர் சொல்லாமல் போகவில்லை அண்ணி, அன்றைக்குக் கையால் சொன்னார் என்றேன். கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்று நம்பினேன். அண்ணி சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டார்.

"என்னைப் பத்திப் பேசினவங்க எல்லாம் வாயாலதான் பேசினாங்க தம்பி" என்றார்.

ஆகவே எழுதிவிடுகிறேன். தவறு செய்தவர் அருளப்பன். ரெஜினா அண்ணி எந்தத் தவறும் செய்யவில்லை. அந்தக் கதையைப் பேசிய டீக்கடையிலும் கோயில் வாசலிலும் இதையும் பேசுங்கள். தாமதமாகிவிட்டது, அண்ணிக்கு இப்போது தலை முழுக்க நரை. இருந்தாலும் பேசுங்கள்.

அண்ணன்மேல் எனக்கிருந்த பிரியம் குறையவில்லை. அவரை நினைத்து இன்னும் அழுகை வருகிறது. கூடவே கோபமும் வருகிறது. ஒரு பெண்ணின் கையிலிருந்த மாவை ஊருக்கே காட்டத் தெரிந்தவருக்கு, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்காக ஒரு வாக்கியம் பேச முடியாமல் போனது. அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்தக் கோபத்தைத்தான். வீட்டில் என் மனைவியிடம் ஏதாவது ஒப்புக்கொள்ள வேண்டியிருந்து, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும்போது, மைக்கைப் பிடித்தபடி நிற்கும் அவர் முகம் வந்துவிடுகிறது. அன்றைக்கே சொல்லிவிடுகிறேன்.