பாலத்தில் ஒரு நிமிஷம்

சவூதியில் நாங்கள் இருக்கும் அல் கோபாரிலிருந்து கடல் பாலத்தைத் தாண்டினால் பஹ்ரைன். அங்கே குதைபியாவில்தான் அக்கா இருக்கிறாள். அவளுக்குக் குழந்தை பிறந்தபோது போகணும் என்றேன்.

"குடும்பத்துக்கு வெளியே போய்த் திரும்பி வர எக்ஸிட் ரீ-என்ட்ரி அனுமதி எடுக்கிறது லேசுப்பட்ட வேலையா?" என்றார் கணவர். எப்போது கேட்டாலும் அதே பதில். நானும் நம்பி ஃபிளாட்டுக்குள்ளேயே கிடந்தேன்.

இந்த வருஷம் பஹ்ரைன் அரசாங்கம் சுற்றுலாவுக்கு வாங்க வாங்க என்று ஒரே விளம்பரம். அவருக்கே ஆசை வந்து, கிளம்பினோம்.

பாலத்து நடுவே சவூதி கவுண்டரில் என் பாஸ்போர்ட்டைத் திருப்பித் தந்தார்கள். "மேடம் எக்ஸிட் மாஃபி." எனக்கு எக்ஸிட் இல்லையாம். தனக்கு எடுத்தவர் எனக்கு எடுக்க மறந்திருந்தார். பின்னால் கார்கள் ஹாரன் அடித்தன. சுற்றிலும் கடல். எனக்கு அழுகை முட்டியது.

"மூஞ்சியைத் தூக்காதே, இரு" என்று அவர் போனில் அரசாங்க ஆப்பைத் திறந்து தட்டினார். என் எக்ஸிட் வந்துவிட்டது. வழி விட்டார்கள்.

"பார்த்தியா? ஒரு நிமிஷ வேலை!"

"ஒரு நிமிஷம்தானாங்க?" என்றேன். அவர் ரோட்டையே பார்த்து ஓட்டினார்.

குதைபியாவில் கதவைத் திறந்த அக்கா மகள், "ஹூ ஆர் யூ?" என்றாள். அவர் சொன்ன அந்த ஒரு நிமிஷத்துக்குள் அவள் பள்ளிக்கூடம் போகிற அளவுக்கு வளர்ந்திருந்தாள்.