அவுங்க

மருதாசலம் வாய் திறக்காத மனிதர் என்று திருப்பூரில் பேர். நெருக்கடி நிலைக் காலத்தில் ஒன்பது நாள் வைத்து அடித்தும் ஒரு தோழரைக்கூட அவர் காட்டிக்கொடுக்கவில்லை என்பார்கள். பத்தொன்பது மாதம் சிறையில் இருந்துவிட்டு வந்தார். அப்புறம் பஞ்சப்படி கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தில் முன்னால் நின்றார். ஒரு தடவை கவுன்சிலரானார், இரண்டு தடவை தோற்றார். சொந்தத் தம்பியின் பனியன் கம்பெனி வாசலிலேயே தொழிற்சங்கக் கொடி நட்டதால் பங்காளிகள் யாரும் நல்லது கெட்டதுக்குக் கூப்பிடுவதில்லை. இப்போது எழுபத்திரண்டு வயதில் வேலம்பாளையத்தில் ஒற்றை அறையில் இருக்கிறார்.

அவர் பாட்டுக்கு இருந்திருப்பார். நெருக்கடி நிலையின் ஐம்பதாவது ஆண்டு வந்து தொலைத்தது. சங்கச் செயலாளர் செல்வக்குமார் பாராட்டுக் கூட்டத்துக்கு நோட்டீஸே அடித்துக் கொண்டுவந்துவிட்டார். 'வாய் திறக்காத தோழருக்கு, தியாகி சின்னானின் மகள் சித்ரகலா சால்வை அணிவிப்பார்.' அதைப் படித்ததிலிருந்து கிழவருக்குச் சோறு இறங்கவில்லை.

சின்னான் வீரபாண்டிப் பக்கத்துக் காலனிக்காரர். பனியன் கம்பெனியில் மூட்டை தூக்கியவர். தடை செய்த துண்டறிக்கைகளை வேஸ்ட் துணி மூட்டைக்குள் வைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனவர். தோட்டம் துரவுள்ள கவுண்டர் வீட்டு மகனான மருதாசலத்தை முதல் நாள் பார்த்ததும் 'சாமி' என்று கும்பிட்டார்.

"சாமியெல்லாம் வேண்டாமுங்க. தோழர்னு கூப்புடுங்க" என்றார் மருதாசலம்.

சின்னான் ரொம்ப நாள் 'தோழர் சாமி' என்று இரண்டையும் சேர்த்தே கூப்பிட்டார். கேட்டவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். மருதாசலத்துக்கு மட்டும் லேசில் வந்துவிட்டதா என்ன? காலனியில் தலை நரைத்தவரைக்கூட 'அவன்' என்றே சொல்லிப் பழகிய வாய். தனியாக இருக்கும்போதும் 'சின்னான் வந்தாங்க, அவுங்க சொன்னாங்க' என்று சொல்லிச் சொல்லித்தான் நாக்கைத் திருப்பினார்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு தினமும் பேர் பேராகக் கேட்பார். எல்லாவற்றுக்கும் 'தெரியாதுங்க' என்பார் மருதாசலம். ஒன்பதாம் நாள், "சின்னான்?" என்றார்.

"அவுங்களத் தெரியாதுங்க."

இன்ஸ்பெக்டரும் கொங்குச் சீமைக்காரர்தான். பேனாவைக் கீழே வைத்தார். "ஏனுங்க, கவுண்டரூட்டுப் பையன் சின்னானைப் போயி அவுங்கங்கறீங்க? தெரியாத ஆளுக்கு இத்தனை மரியாதையாங்க?" அதுவரை அடித்துக்கொண்டிருந்தவர் அன்றைக்குத்தான் முதன்முதலாக 'ங்க' போட்டுப் பேசினார்.

அன்று மாலையே சின்னானைத் தூக்கினார்கள். முதுகெலும்பு ஒடிந்து வெளியே வந்தவர் ஏழு வருஷம் கட்டிலில் கிடந்து செத்தார். எப்படி மாட்டினோம் என்று கடைசிவரை அவருக்குத் தெரியாது. சிறையிலிருந்து வந்தபின் மாதம் தவறாமல் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்த மருதாசலமும் சொல்லவில்லை. கோழைத்தனம்தான், வேறு பேர் எதற்கு?

கூட்டம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் சித்ரகலா வீட்டுக்குப் போனார். ஐம்பது வயதைத் தாண்டிய அவள் தரையில் உட்கார்ந்து, கம்பெனியிலிருந்து எடுத்துவந்த குழந்தைச் சட்டைகளில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்க தோழர். இந்த வெயில்ல எதுக்குங்க வந்தீங்க? சொல்லியனுப்புனா நானே வந்திருப்பனுங்களே" என்று பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"நீ எனக்குச் சால்வை போடக் கூடாது கண்ணு" என்று ஆரம்பித்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். சொல்லும்போதே அழுதார். அவள் கத்தரிக்கோலைக் கீழே வைக்கவில்லை. இரண்டு சட்டை முடித்து, மூன்றாவதை எடுத்தாள்.

"எங்கப்பன ஊரே அவன்னுதானுங்க சொல்லுச்சு" என்றாள் கடைசியில். "நீங்களும் அன்னைக்கு ஒருக்கா அவன்னே சொல்லியிருக்கலாமுங்களே."

மருதாசலம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "செல்வக்குமாருகிட்ட நான் சொல்லிர்றேன், நீ வர வேண்டாம்" என்றார்.

"வர்றேனுங்க. நோட்டீஸ்ல பேர் போட்டுட்டாங்கல்ல."

சாயங்காலம் மேடையில் பேச எழுந்தால் உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் கிழவர் உட்கார்ந்திருந்தார். அதற்கு முன்பே செல்வக்குமார் சித்ரகலாவைக் கூப்பிட்டுவிட்டார். சுங்குடிச் சேலை கட்டி, தலை வாரிப் பூ வைத்து வந்திருந்தாள். சிவப்புச் சால்வையை விரித்து அவர் தோளில் போட்டாள். பேசத் தொடங்கிய நாளிலிருந்து அவரைத் தோழர் என்றே கூப்பிட்டு வளர்ந்தவள், குனிந்து இரண்டு கையையும் கூப்பினாள்.

"நல்லாயிருங்க சாமி" என்றாள்.

கைதட்டலில் அது வேறு யாருக்கும் கேட்கவில்லை. மைக் முன்னால் நின்ற மருதாசலத்துக்கு வாய் திறக்கவில்லை. தோழர் உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார் என்று சொல்லி, செல்வக்குமார் அடுத்தவரைப் பேச அழைத்தார்.