ஐந்து நாள் முகம்

மோவாயை இடது கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, முள்வாங்கியால் ஒவ்வொரு முடியாகப் பிடுங்கிக்கொண்டிருக்கிறாள் அம்சவல்லி. கண்ணாடி கிழக்கு ஜன்னலில் சாய்ந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை என்றால் அவள் வீட்டுக் கதவு பத்து மணிக்கு முன்னால் திறக்காது. கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. அழுகை இல்லை; மேலுதட்டில் பிடுங்கினால் யாருக்கும் வருகிற தண்ணீர்தான். “மூக்குக்குக் கீழ இருக்குதே, அதான் போக்கிரி. மத்ததெல்லாம் சொன்ன பேச்சு கேக்கும்” என்கிறாள். முடிந்ததும் கற்றாழைச் சோற்றைத் தடவிக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்து, “நல்லாருடியம்மா” என்பாள். கண்ணாடியைச் சொல்கிறாளா, அதில் தெரிகிறவளைச் சொல்கிறாளா என்று கேட்டால் சிரிப்புதான் பதில்.

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் பட்டறை ஒன்றில் அவளுக்குப் பதினோரு வருஷமாக வேலை. அச்சிலிருந்து எடுத்த பொம்மையில், இரண்டு பாதி சேர்ந்த இடத்தில் ஒரு கோடு நிற்கும். காய்ந்ததும் அதைப் பிளேடால் வழித்து, ஈர ஸ்பாஞ்சால் தடவிவிட்டால்தான் பொம்மை சூளைக்குப் போகலாம். கிருஷ்ணனோ நாய்க்குட்டியோ, அவள் கைபட்டு எதுவும் மூக்கு உடைந்ததில்லை. தூசி பறக்கிற இடம் என்பதால் எல்லாரும் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்வார்கள். மதியச் சாப்பாட்டுக்கு மற்றவர்கள் அவிழ்த்து வீசுவார்கள். அம்சவல்லி சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து பாதிதான் இறக்குவாள். “வேற எந்த வேலைக்குப் போயிருந்தாலும் இந்தத் துணி கெடச்சிருக்குமா? இந்தத் தூசி நல்லாருக்கணும்” என்பாள். தூசியை வாழ்த்துகிற ஆள் இந்த ஊரில் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

அவளுடைய வாழ்த்துப் பட்டியல் நீளம். முதன்முதலாகச் சேலை கட்டி பஸ் ஏறிய அன்று, “உள்ள போம்மா, படியில நிக்காத” என்று எரிந்து விழுந்த கண்டக்டர் நல்லாருக்கணும். அந்த “ம்மா”வை அவர் அன்றே மறந்திருப்பார். இவள் இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்கிறாள். பெயரென்ன என்று கேட்டு, சொன்ன பெயரை மறுபேச்சில்லாமல் எழுதிக்கொண்ட முதலாளி நல்லாருக்கணும். நமக்குச் சலித்துவிடும், அவளுக்குச் சலிக்காது.

பட்டறைக்கு வந்த புதிதில், தாடியின் பச்சை நிழலை மறைக்க ஒரு வேலை செய்தாள். பொம்மைக்கு வைத்திருந்த வெள்ளைக் களிமண்ணைப் பொடியாகச் சலித்து, பவுடருக்குப் பதிலாகப் பூசிக்கொண்டாள். காலையில் பார்க்க மொழுமொழுவென்றுதான் இருந்தது. பத்து மணிக்கு வேர்வையில் நனைந்து, பதினொரு மணிக்குக் காய்ந்து, கோடையில் வற்றிய ஏரி மாதிரி முகமெல்லாம் வெடிப்பு விட்டது. “சிரிக்காத, பேத்துக்கினு வந்துரும்” என்று பக்கத்துப் பலகை நீலாவதி சொல்ல, சிரித்துத் தொலைத்தாள். கன்னத்தில் ஒரு சில்லு பெயர்ந்து மடியில் விழுந்தது. இருவரும் சிநேகிதிகள் ஆனது அன்றுதான்.

முகத்தில் பிளேடு வைப்பது மட்டும் அவளுக்கு ஆகாது. பதினேழு வயதில் அப்பா கொளஞ்சிநாதன் அவளை வேப்பூர் சலூனுக்குக் கூட்டிப்போய் முதல் சவரம் செய்யவைத்தார். கடைக்காரர் கன்னத்தைத் தட்டி, “ஆம்பள ஆயிட்டடா” என்றார். இருந்தவர்கள் எல்லாரும் நல்ல மனசோடுதான் சிரித்தார்கள். அப்பா அத்தனை பேருக்கும் டீ சொன்னார். “ஊரே சந்தோசமா இருக்குது. எனக்கு மட்டும் எழவு வூட்டுல ஒக்காந்திருக்கற மாதிரி இருந்திச்சி” என்கிறாள். கண்ணாடியில் தெரிந்த அந்தப் பையன் யாரென்று அவளுக்குப் பிடிபடவில்லை. அவனோடு ஆயுசுக்கும் இருக்க வேண்டுமே என்று பயந்தாள். வீட்டை விட்டு வந்ததும் பிளேடை விட்டாள், முள்வாங்கியை எடுத்தாள். அதில் ஒரு தொந்தரவு உண்டு. பிடுங்கினால் இரண்டு நாள் முகம் பளிச்சென்று இருக்கும், மூன்றாம் நாள் முளை தட்டும். ஐந்து நாளாவது வளரவிட்டால்தான் மறுபடி முள்வாங்கிக்குப் பிடி கிடைக்கும். அந்த நாட்களில் துணிதான் துணை.

போன பங்குனியில் தங்கை அன்புக்கரசி போன் செய்தாள். அம்மா முன்பே போய்விட்டார், அப்பா போய் ஒரு வருஷம். தங்கைக்குக் கருவேப்பிலங்குறிச்சி மாமியார் வீட்டில் ஏழாம் மாத வளைகாப்பு. பிறந்த வீட்டுத் தட்டு எடுத்துவர ஆளில்லை.

“நீ வாக்கா. வெள்ளிக்கெழம. அத்தைகிட்ட பெரியப்பா பொண்ணுன்னு சொல்லியிருக்கேன். கோச்சிக்காத.”

கோபமா? அக்கா என்ற அந்த ஒரு சொல்லுக்காக அவள் பெரியப்பா பெண்ணாக இருக்கவும் தயார். பயம் வேறு விஷயத்தில். மாமியார் ஆதிலட்சுமிக்கு உண்மை தெரிந்தால், தங்கை ஆயுசுக்கும் குத்துப்பேச்சு கேட்க வேண்டியிருக்கும். ஞாயிறு வரை காத்திராமல் சனிக்கிழமையே பிடுங்கினாள். வியாழன் மாலை இன்னொரு முறை பிடுங்கினால் வெள்ளியன்று முகம் வெண்ணெயாக இருக்கும். திட்டம் அருமை. திங்கள் மாலை மறுபடி போன். வெள்ளிக்கிழமை அஷ்டமியாம், யாரும் கவனிக்கவில்லையாம், புதன்கிழமைக்கு மாற்றியாகிவிட்டது.

புதன் என்றால் முள்வாங்கிக்குப் பிடி கிடைக்காது, பவுடருக்கும் அடங்காது. செவ்வாய்க்கிழமை முழுக்க, போகவேண்டாம் என்றே முடிவு செய்துவிட்டாள். நீலாவதியிடம் மட்டும் சொன்னாள். நீலாவதியிடம் சொல்வதும் ஒலிபெருக்கியில் சொல்வதும் ஒன்றுதான். மதியம் வர்ணம் தீட்டும் பக்கிரி ஒரு பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் பலகைக்கு எதிரே வந்து நின்றான். அவளைப் பார்க்கவில்லை, பொம்மையைப் பார்த்தே பேசினான்.

“பச்ச மேல நேரா வெள்ளைய அடிச்சா சாம்பலாத்தான் நிக்கும். நடுவுல லேசா செவப்பு குடுக்கணும். குடுத்துட்டா மேல எத வச்சாலும் ஒக்காந்துக்கும்.” நாலடி போனவன் திரும்பி, “லிப்ஸ்டிக்கே போதும்” என்று பொம்மையிடம் சொல்லிவிட்டுப் போனான். பொம்மைக்கு எதற்கு லிப்ஸ்டிக் என்று யோசித்த பிறகுதான் அம்சவல்லிக்கு விளங்கியது. துணிக்குள்ளேயே அழுதாள்.

புதன் காலை, இத்தனை வருஷம் கழித்துத் தன் முகத்தில் பிளேடு வைத்தாள். நாளுக்கு நூறு பொம்மை முகம் வழிக்கிற கை, தன் முகத்தில் இரண்டு இடம் கீறியது. சலூன் கண்ணாடிப் பையன் எட்டிப் பார்த்தான். அவன் மேலேயே லிப்ஸ்டிக்கைத் தேய்த்து, அதன் மேல் பவுடரை ஒற்றினாள். பச்சை போய்விட்டது. துணைக்கு விடுப்பெடுத்து வந்திருந்த நீலாவதி, “அடிப்பாவி, என்னவிட செவப்பா ஆயிட்ட” என்றாள்.

நாற்காலியில் அன்புக்கரசி, வயிறு தெரிய, முகமெல்லாம் சந்தனமாக உட்கார்ந்திருந்தாள். பெண்கள் வரிசையாக வந்து வளையல் பூட்டினார்கள். தட்டை வைத்துவிட்டு ஓரமாக ஒதுங்கிய அம்சவல்லியைப் பார்த்து ஆதிலட்சுமி, “பொறந்த வூட்டு ஆளு அங்க நின்னா யாரு போடுவாங்க? வா, வெயிலு ஏறுது” என்று அதட்டினார். போனாள். தங்கையின் கன்னத்தில் சந்தனம் தடவினாள், வளையலை ஒவ்வொன்றாக ஏற்றினாள். ஒன்றும் உடையவில்லை. அன்புக்கரசி அவள் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

ஐந்து வகைச் சோறு சாப்பிட்டுக் கிளம்பும்போது மணி மூன்று. வேர்வையில் பவுடர் நசநசத்தது. அடியில் முளை தட்டிவிட்டதை நாக்கால் மேலுதட்டைத் தடவியே தெரிந்துகொண்டாள். “போயிட்டு வரேங்க” என்று வாசலில் கும்பிட்டாள். தாம்பூலப் பையைக் கொடுத்த ஆதிலட்சுமி, “கூடப் பொறந்தவளாட்டம் செஞ்ச” என்று சொல்லி, இரண்டு கையையும் நீட்டி அவள் கன்னத்தைப் பிடித்தார். பின்வாங்க இடமில்லை, பின்னால் கதவு. கன்னத்திலிருந்து வழித்துக்கொண்டே இறங்கிய கைகள் தாடையில் நின்றன. சொரசொரப்பு அந்த விரல்களுக்குத் தெரிந்துவிட்டது. ஆதிலட்சுமி நிமிர்ந்து அவள் கண்ணைப் பார்த்தார். உள்ளே அன்புக்கரசியின் வளையல் சத்தம் நின்றுபோனது.

பிறகு அந்தக் கைகள் மோவாய் வரைக்கும் நிதானமாக வழித்து இறங்கின. சிவப்பும் வெள்ளையும் அப்பிய பத்து விரலையும் மடக்கி, தன் நரைத்த நெற்றிப்பொட்டில் வைத்து, படபடவென்று நெட்டி முறித்தார்.