களத்தின் மேல் ஒரு கூடாரம்

அந்த அமெரிக்கக் குடும்பம் நல்ல குடும்பம். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். அவர்களைப் பற்றி இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் எனக்குள்ள கோபம் அந்த நல்ல குணத்தின் மீதுதான்.

பி.ஏ. தேறி வேலையின்றி இருந்த எனக்குச் சேலத்தில் அவர்கள்தான் வேலை கொடுத்தார்கள். மதபோதகரான துரைக்கும் துரைசானிக்கும் தமிழ் கற்பிப்பது, பயணங்களில் மொழிபெயர்ப்பது, இவை என் கடமைகள். கோடையில் அவர்கள் ஏற்காடு ஏறிவிடுவார்கள். பனிக்காலத்தில் இரண்டு மகள்களையும் அழைத்துக்கொண்டு மோட்டாரில் சமவெளி முழுவதும் சுற்றுவார்கள். கூடாரம், மடக்குக் கட்டில்கள், டப்பிப் பால், கிராமபோன் எல்லாம் மாட்டுவண்டியில் பின்னால் வரும். மகள்கள் ஊர்ப் பிள்ளைகளோடு பல்லாங்குழி ஆடுவார்கள். துரைசானி சிரங்குக்கு மருந்து போடுவாள். யாரையும் அதட்டிப் பேசியதில்லை.

ஒரு தை மாதம், வெள்ளிக்கிழமை நண்பகலில், வெண்ணந்தூர்ப் பக்கம் ஒரு சிற்றூருக்குப் போனோம். ஊருக்கு வெளியே, புளிய மரத்தடியில், மெழுகிய களம் ஒன்று வெயிலில் பளபளத்தது. துரைசானி மகிழ்ந்துபோனாள். “நமக்காகவே யாரோ தரையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறார்கள்” என்றாள்.

அது கதிரடிக்கும் களம் என்று சொன்னேன். செதுக்கி, நீர் தெளித்து, கெட்டித்து, சாணமிட்டு மெழுகினால்தான் தரை அப்படி ஆகும், மெழுகியிருக்கிறார்கள் என்றால் அறுவடை வருகிறது என்று பொருள் என்றும் சொன்னேன். “ஆனால் இப்போது இதில் ஒன்றுமில்லையே” என்றார் துரை. வெள்ளைக்காரரைக் கண்டு ஓடிவந்த ஊர் மணியகாரரும் கும்பிட்டார். “சும்மாதானுங்க கெடக்குது. தொரை தாராளமா எறங்கட்டுங்க.” அவருடைய சோளம் அதற்கு முந்தின வாரமே வீடு சேர்ந்திருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இரும்பு முளைகளை மெழுகின தரையில் அடித்தார்கள்.

சனிக்கிழமை காலையில், அந்தக் களத்தை மெழுகியவர்கள் வந்தார்கள். நிலத்துக்காரருக்கு விளைச்சலில் பங்கு கொடுத்து, வாரத்துக்கு உழும் ஒரு குடியானவரும் அவர் மனைவியும். தலையில் சோளக்கதிர்க் கூடைகள். கூடாரத்தைப் பார்த்ததும் இருவரும் அப்படியே நின்றார்கள். பிறகு கதிரைக் களத்தின் ஓரத்தில், பள்ளமான இடத்தில் கொட்டினார்கள். அன்று முழுவதும் கொட்டிக்கொண்டே இருந்தார்கள். அந்தக் குவியல்தான் அவர்களுக்கு அடுத்த தை வரை சோறு. களத்தின் நடுவில் இரண்டு மகள்களும் வலை கட்டிப் பந்தடித்தார்கள்.

“நாலு நாளு பொறுத்துக்கடா, தொரை உன் களத்தையா தூக்கிட்டுப் போகப்போறாரு?” என்றார் மணியகாரர்.

“அவிய தூக்கீட்டுப் போனாலும் போறாங்க சாமி, களம் வேற செஞ்சுக்கலாம். மழை வந்தா கதிரு போயிருமுங்க” என்றார் குடியானவர்.

“தையில என்னடா மழை?”

மனைவி கிழக்கே கையைக் காட்டினாள். மேகம் கருத்திருந்தது.

ஞாயிறு காலை குடியானவர் என்னிடம் வந்தார். “கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி எறங்குனாங்கன்னா, மாடு கட்டி மிதிச்சுப்போடுவோமுங்க. தப்பா நெனைக்க வேண்டாமுங்க.” அவர் சொன்ன ‘ங்க’ ஒன்றுக்கும் ஆங்கிலத்தில் இடமில்லை. நானும் தேடவில்லை. “கூடாரத்தைப் பிடுங்கச் சொல்கிறார், இன்றே” என்றேன்.

துரை கோபித்துக்கொள்ளவில்லை. வருத்தத்தோடு தலையசைத்தார். ஞாயிறு ஓய்வு நாள். அன்று தாமும் வேலை செய்வதில்லை, வேலைக்காரர்களையும் வேலை வாங்குவதில்லை. அது தம் வீட்டின் விரதம். திங்கள் விடிந்ததும் கிளம்பிவிடுவதாக அவருக்கு வாக்குக் கொடுங்கள் என்றார். நான் அப்படியே சொன்னேன்.

குடியானவரின் மனைவி சிரித்தாள். “அவிய சாமிக்கு இன்னிக்கு லீவு. மேல இருக்கற மானத்துக்கும் லீவுதானான்னு கேட்டுச் சொல்லுங்க.”

அதையும் மொழிபெயர்த்தேன். துரைசானிக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. ஊருக்கு எழுதும்போது சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றாள்.

பிற்பகலில் இடி இடித்தது. துரை வெளியே வந்து வானத்தைப் பார்த்தார். மூன்று வேலைக்காரர்களையும் கூப்பிட்டார். கூடாரத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டச் சொன்னார். கடப்பாரையும் மண்வெட்டியும் கொண்டு, மெழுகின களத்தை நாற்புறமும் பிளந்தார்கள். இன்று ஓய்வு நாள் அல்லவா என்று கேட்டேன். “குழந்தைகள் நனைந்துவிடுவார்கள்” என்றார். அவருக்கு அதில் ஒரு முரணும் தோன்றவில்லை. தம் குழந்தைகளின் படுக்கை நனைவது ஆபத்து; பிறர் குழந்தைகளின் சோறு நனைவது காத்திருக்கக்கூடிய விஷயம். இந்தக் கணக்கை அவருக்கு எந்தப் பள்ளியிலும் யாரும் கற்பித்திருக்க மாட்டார்கள். ஆளுகிறவர்களின் நிறத்தோடு ஒரு நாட்டில் இறங்கி, கேட்டதெல்லாம் கும்பிட்டுக் கொடுக்கப்படும்போது, தானாகவே வந்துவிடுகிற கணக்கு அது. கும்பிட்டுக் கொடுத்தவர்களையும் நான் மன்னிக்கவில்லை.

மழை கொட்டியபோது வாய்க்கால் நன்றாக வேலை செய்தது. கூடாரத்துக்குள் ஒரு சொட்டு வரவில்லை. மேட்டு நீர் முழுவதும் பள்ளத்துக்கு ஓடி, கதிர்க் குவியலின் அடியில் புகுந்தது. ஓலையால் மேலே மூடியிருந்த கணவனும் மனைவியும் அடியிலிருந்து நீர் ஏறுவதைப் பார்த்துக் கையாலேயே மண்ணை அணைத்தார்கள். நானும் போய் அணைத்தேன். கரை நிற்கவில்லை. இருட்டுவதற்கு முன் மழை விட்டதும், உலர்ந்த கூடாரத்தைத் தந்ததற்காக அந்தக் குடும்பம் மேசையைச் சுற்றி நின்று நன்றி சொல்லி ஜெபித்தது.

திங்கள் விடிந்ததும் வாக்குத் தவறாமல் முளைகளைப் பிடுங்கினார்கள். துரை குடியானவரிடம் வந்து, தாம் மிகவும் வருந்துவதாகவும் அவருக்காக மன்றாடுவதாகவும் சொல்லச் சொன்னார்.

“என்னங்க சொல்றாரு?” என்றாள் மனைவி.

“வருத்தப்படறாராம்.”

“வருத்தம் அப்புறம் பட்டுக்கட்டும். கதிரைப் பிரிச்சுக் காய வெக்கோணும், வந்து ஒரு கை குடுக்கச் சொல்லுங்க.”

ஒரு சொல் விடாமல் சொன்னேன். துரை முகம் சிவந்தார். மகள்கள் அன்று சங்ககிரிக் கோட்டையைப் பார்ப்பதாக ஏற்பாடு, வெயில் ஏறுமுன் போக வேண்டும் என்றார். மோட்டார் கிளம்பியபோது நான் ஏறவில்லை.

அன்று முழுவதும் மூவரும் கதிர் பிரித்தோம். களம் உதவாததால் பாறையில் பரப்பினோம். மேல் பாதி பிழைத்தது. அடிப் பாதி இரண்டு நாளில் முளைவிட்டுக் கருத்தது. நிலத்துக்காரர் ஆள் வந்து வாரம் அளந்தபோது, அவர் பங்கை நல்ல மணியிலிருந்தே அளந்துகொண்டான். முளைத்ததைக் குடியானவர் வீட்டுக்குக் கொண்டுபோனார். அந்த ஆண்டு அவர்கள் அதைத்தான் தின்றார்கள்.