அருள்ஜோதி பின்னிய நாக்குகள்

அருள்ஜோதி சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரில் ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கிறாள். இருபது வருடமாக ஊரார் வாய்க்குள் எட்டிப் பார்ப்பதுதான் அவள் பிழைப்பு. நாக்கில் எத்தனை ரகம் உண்டு என்பது அவளுக்கு அத்துப்படி. தடித்த நாக்கு, ஒடிசல் நாக்கு, ஊசியைக் கண்டதும் தொண்டைக்குள் ஓடி ஒளியும் நாக்கு, அமுக்கிப் பிடித்தாலும் மீன்குஞ்சு மாதிரி துள்ளும் நாக்கு. ஆனால் நூலில் நாக்கு பின்னி ஊரில் பேர் வாங்குவாள் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால், முகக்கவசத்துக்குள்ளேயே சிரித்திருப்பாள்.

எல்லாம் ஒரு நோயாளியால் வந்தது. நல்ல சட்டை, நல்ல கைக்கடிகாரம், சொத்தைக் கடைவாய்ப்பல். நாற்காலியில் சாய்ந்தவர் அருள்ஜோதியைப் பார்த்துவிட்டு மருத்துவரிடம் ஆங்கிலத்தில், "வேற ஆள் இல்லையா? இந்தியக் கை என் வாய்க்குள்ள வேணாம்" என்றார். உடனே, "ஜோக் லா" என்று சிரிக்கவும் சிரித்தார். மருத்துவர் நெளிந்தார். நெளிந்துவிட்டு, "ஜோதி, நீங்க உள்ள போய் எக்ஸ்ரே ஃபைல் எல்லாம் அடுக்குங்களேன்" என்றார்.

ஜோதி போய் அடுக்கினாள். எல்லாம் ஏற்கெனவே அடுக்கித்தான் இருந்தது. கலைத்துப்போட்டு மறுபடி அடுக்கினாள்.

அடுத்த வாரம் அவளுக்குத் தாடை வலித்தது. அதே மருத்துவர் அவள் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். "தூக்கத்துல பல்லை நறநறன்னு கடிக்கிறீங்க. மனசுல ஏதாவது டென்ஷனா?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். ஜோதியின் வாய் திறந்திருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை. மூடியிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள். அவர் பல்லுக்கு ஓர் உறை செய்து கொடுத்தார். மனசுக்கு உறை செய்யும் வித்தையை எந்தக் கல்லூரியிலும் அவர் படித்திருக்கவில்லை.

அங்கே வரவேற்பில் இருந்த யும்னா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். நூலில் முயல்குட்டியும் ஆமைக்குட்டியும் பின்னிச் சாவிக்கொத்தில் தொங்கவிடுகிற இருபத்தாறு வயசுப் பெண். ஒருநாள் மதிய இடைவேளையில் ஒரு கொக்கி ஊசியையும் ரோஜா நிற நூலுருண்டையையும் ஜோதி மடியில் வைத்தாள். "கைக்கு வேல குடுங்கக்கா. பல்லு தானா சும்மா இருக்கும்."

ஈசூனில் இருந்த வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் ஜோதி கழுத்துத்துண்டு ஒன்று பின்ன ஆரம்பித்தாள். அவளுக்குக் கண்ணி எண்ணத் தெரியவில்லை. ஓரம் விரிந்தது, நடுவில் பள்ளம் விழுந்தது, நுனி தானாகவே உருண்டது. அதை வீட்டுக்காரர் ஜெரார்ட் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அவர் பேருந்து ஓட்டுநர். நாள் முழுக்க வாயைக் கட்டி வைத்திருந்து வீட்டுக்கு வந்ததும் அவிழ்த்து விடுகிறவர்.

"ஜோதி, இது என்ன, மாட்டு நாக்கா?"

அவள் பார்த்தாள். நாக்கேதான். வாரக்கணக்கில் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு எங்கோ ஓரிடத்தில் அழுகையாக மாறியது. ஜெரார்ட் விளையாட்டை விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்போதுதான் அந்த நோயாளி சொன்னதை வாய்விட்டுச் சொன்னாள். அன்றிரவே கறுப்பு நூலை எடுத்து, அந்த வாக்கியத்தை ஆங்கிலத்திலேயே எழுத்தெழுத்தாக நாக்கின் மேல் தைத்து, சமையலறைக் கதவுக்குப் பின்னால் தொங்கவிட்டாள். வார்த்தை இப்போது கதவில் தொங்கியது. தாடையில் இல்லை.

அதன்பிறகு கை நிற்கவில்லை. வாடகை வீடு தேடிய காலத்தில், "வீட்டுச் சொந்தக்காரருக்குக் கறி வாசம் ஆகாது" என்ற முகவருக்கு ஒரு நாக்கு. "உங்க இங்கிலீஷ் பரவாயில்லையே" என்ற அம்மையாருக்கு ஒன்று. அவளுடைய அடுக்குமாடி புளோக்கிலேயே, ஏழாவது மாடி டோரீனுக்கு நல்ல அகலமாக ஒன்று. லிப்டுக்குள் ஜோதி ஏறும்போதெல்லாம், "ஐயோ, லைட்டைப் போடுங்க, இருட்டாயிடுச்சு" என்பது டோரீனின் வழக்கமான நகைச்சுவை. வலி கூடினால் நாக்கும் நீண்டது. ஒரு பை நிறைந்தது.

தேவாலயத்தில் விற்பனைச் சந்தை வந்தது. ஜோதி கோழிக்குஞ்சுப் பொம்மைகள் பின்னி ஒரு மேசை எடுத்திருந்தாள். அவள் தேநீர் வாங்கப் போன நேரத்தில், மேசை காலியாக இருக்கிறதே என்று ஜெரார்ட், தவறுதலாகக் கூடவே வந்துவிட்ட இன்னொரு பையையும் கொட்டி அழகாகப் பரப்பிவிட்டார். அவள் திரும்பி வந்தபோது, நான்காவது மாடி மேடம் சியா ஒரு நாக்கைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்.

"மாதாவே! எதுக்குங்க அதைக் குடுத்தீங்க?"

"ஸ்கார்ஃப்னு கேட்டாங்க. ஆமான்னேன். வேற என்னன்னு சொல்றது?"

மேடம் சியாவுக்கு ஆங்கிலம் பேச வரும், படிக்க வராது. அவருடைய மகள் படித்துச் சொல்லிவிட்டாள். மறுநாள் மாலை கதவு தட்டப்பட்டது. மேடம் சியா அதே ஸ்கார்ஃபோடு நின்றார்.

"இது யார் சொன்னது?"

ஜோதி தயங்கினாள். "விடுங்க மேடம்."

"டோரீன்தானே?"

ஜோதி நாற்காலியை இழுத்துப் போட்டாள். மேடம் சியா அதில் பொத்தென்று உட்கார்ந்தார். "மாஜோங் ஆட வரும்போது இதை டோரீன் சொல்லிக் காட்டினா. நாங்க எல்லாரும் சிரிச்சோம். நானும்தான்." கொஞ்ச நேரம் ஸ்கார்ஃபின் நுனியைத் தடவிக்கொண்டிருந்தார். "இதை நான் திருப்பித் தரமாட்டேன். வெள்ளிக்கிழமை எனக்கு வேணும்."

வெள்ளிக்கிழமை மாஜோங் மேசையில் நடந்ததை அவரே பிற்பாடு நடித்துக் காட்டினார். டோரீன் ஆசையாக, "எங்க வாங்கினே, கலர் நல்லாருக்கே" என்று கேட்டாளாம். பிடித்து இழுத்துப் பார்த்தாளாம். படித்தாளாம். அப்புறம் அந்த ஆட்டம் முழுக்கக் காய்கள் மட்டும்தான் சத்தம் போட்டனவாம்.

ஞாயிற்றுக்கிழமை டோரீன் ஒரு டப்பா நிறைய குவே பலகாரத்தோடு வந்தாள். கூடவே, வேடிக்கை பார்க்கவென்றே, ஸ்கார்ஃபோடு மேடம் சியா.

"நான் ஜோக்காத்தானே சொன்னேன்" என்றாள் டோரீன்.

'பரவாயில்லை' என்ற சொல் ஜோதியின் வாய் வரைக்கும் வந்துவிட்டது. இருபது வருடப் பழக்கம். அதை விழுங்கிவிட்டு, மேடம் சியாவின் கழுத்திலிருந்து நாக்கைக் கழற்றி டோரீன் கையில் கொடுத்தாள். ஒரு சின்னக் கத்தரிக்கோலையும் வைத்தாள். "பிரிங்க. எழுத்தை மட்டும்."

டோரீன் மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டாள். தையல் இறுக்கம். அவ்வளவு கோபத்தோடு தைத்தது சுலபத்தில் வருமா? ஒவ்வோர் எழுத்தையும் முகத்தருகே பிடித்துத்தான் பிரிக்க வேண்டியிருந்தது. ஜெரார்ட் எல்லாருக்கும் தேநீர் கலக்கினார். அது ஆறியும் போனது. பாதியில் டோரீன் தலை நிமிராமல் கேட்டாள்: "இவ்வளவு இறுக்கமாவா இருந்துச்சு?"

"நாலு மாசம் லிப்ட்ல ஏறவே இல்ல. ஒன்பது மாடியும் படியில இறங்கினேன்."

டோரீனின் கை நின்றது. "முழங்கால் வலின்னு சொன்னியே. படிக்கட்டுல பாத்தப்போ, எக்சர்சைஸான்னு கேட்டேனே..." மறுபடி பிரிக்க ஆரம்பித்தாள். கடைசி எழுத்து வந்ததும், "சாரி ஜோதி" என்றாள். இந்தமுறை அதோடு ஜோக் எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை.

ஜோதிக்கு அழுகை வரவில்லை. நிறையப் பசித்தது. குவே டப்பாவைத் திறந்தாள்.

"என் ஸ்கார்ஃப்?" என்றார் மேடம் சியா. வாங்கிக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, "இப்பதான் வாஷ் பண்ணின மாதிரி இருக்கு" என்று எழுந்து போனார்.

இந்தக் கதையைக் கேட்ட யும்னா சும்மா இருப்பாளா? சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில், சாப்பாட்டுக்கடைக்கு மேலே இருந்த அறையைச் சனிக்கிழமைகளுக்குப் பேசி முடித்தாள். நாக்குகளைக் கயிற்றில் வரிசையாகக் கட்டினார்கள். வருகிறவர்கள் தங்களைக் குத்திய வார்த்தையைச் சொல்லலாம், சேர்ந்து பின்னலாம், சும்மா அழுதுவிட்டும் போகலாம். சொன்னவரே வந்தால் பிரிக்கலாம். அந்தப் பல் நோயாளியெல்லாம் வரப்போவதில்லை என்பது ஜோதிக்குத் தெரியும். அதற்காக அவருடைய நாக்கை அவள் ஒளித்து வைக்கவில்லை. வாசலுக்கு நேரே தொங்கியது. பல் மருத்துவர் ஒரு சனிக்கிழமை வந்து அதன் முன்னால் நெடுநேரம் நின்றார். "அன்னைக்கு நான் அவரை வெளிய அனுப்பியிருக்கணும்" என்றார். "ஆமா டாக்டர்" என்றாள் ஜோதி, கொஞ்சமும் இழுக்காமல்.

ஆனால் அந்த அறையிலேயே மிக நீளமான நாக்கு யும்னாவுடையது. அவள் வயதுக்கு வந்த நாளிலிருந்து கல்யாண வீட்டுக்குக் கல்யாண வீடு கேட்டது: 'கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா.' சொன்னது அவளுடைய பெரியம்மா. தமிழ் எழுத்தைத் தைக்க ஜோதி பட்ட பாடு கொஞ்சமல்ல. சுழிக்குச் சுழி நூல் சிக்கியது.

"ஏன்க்கா தமிழ் நாக்கு மட்டும் இவ்வளவு நீளம்?" என்று யாரோ கேட்க, அறையே சிரித்தது. சிரித்த பிறகு, மற்ற நாக்குகளைப் பார்த்து உச்சுக் கொட்டிய பலர் அதைப் பார்த்துத் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள்.

பெரியம்மாவை யும்னாவே அழைத்து வந்தாள். அவர் படியேறி வந்து, மூச்சு வாங்கி, நாக்கைப் படித்து, இடுப்பில் கை வைத்தார். "பாராட்டித்தானேடி சொன்னேன்!"

"பாராட்டுன்னா எனக்கு ஏன் பெரியம்மா ஒவ்வொரு தடவையும் வீட்டுக்குப் போயி மூஞ்சியத் தேய்க்கணும்போல இருந்துச்சு?"

பெரியம்மா இடுப்பிலிருந்து கையை எடுத்தார். யும்னாவின் முகத்தை, அன்றுதான் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு கத்தரிக்கோலை வாங்கி உட்கார்ந்தார். முதல் எழுத்திலிருந்து ஆரம்பிப்பார் என்று ஜோதி நினைத்தாள். அவரோ நடுவில் இருந்த ஒரே ஒரு சொல்லை, 'இருந்தாலும்' என்பதை மட்டும், பொறுமையாகப் பிரித்து எடுத்தார். எடுத்த நூலை உருட்டி ஜோதி கையில் வைத்தார்.

"இப்பப் படிங்க."

கறுப்பா களையா இருக்கா.

யும்னா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு பெரியம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஜோதிதான் தொண்டையைச் செருமினாள். "நடுவுல வெறிச்சுன்னு இருக்கே யும்னா, ஒரு பூ வெச்சுத் தைக்கட்டுமா?"

"வேணாங்க்கா. மூச்சு விட இடம் வேணும்ல."

"பூவும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்றார் பெரியம்மா. "கீழ கடையில பரோட்டா போடுற வாசம் வருது. யாராவது வாங்கிட்டு வாங்க லா."