வட்ட மேஜைக் கணக்கும் என் வீட்டுக்காரரும்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு கோடையில் நடந்தது. திருநெல்வேலிப் பக்கமிருந்து ஹைதராபாத் வந்து, ஹப்சிகுடாவில் குடியிருக்கிறோம். வீட்டுக்காரருக்கு நாச்சாரத்தில் தொழிற்சாலை வேலை. நான் ஒரு வக்கீல் அலுவலகத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். அடுத்தவர் வாதத்தை அடித்து அடித்து, நாமே வாதாடினால் என்ன என்ற ஆசை நாற்பத்து மூன்று வயதில் வந்துவிட்டது. சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பித்தேன்.

அதில் வரும் வட்ட மேஜைக் கணக்குதான் உயிரை வாங்கியது. ஒரு குடும்பத்தில் ஆறு பேர் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். நாலைந்து குறிப்புகளை வைத்து, யாருக்குப் பக்கத்தில் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். பிளஸ் டூ முடித்திருந்த மகள்தான் படம் போட்டுச் சொல்லிக்கொடுத்தாள். நான் எடுத்த எடுப்பிலேயே கணவன் பக்கத்தில் மனைவியைப் போட்டுவிடுவேன். மாமியாரை எதிர்ப்பக்கம் தள்ளிவிடுவேன். விடை எப்படி வரும்?

“அம்மா, கொஸ்டின்ல அப்படி இருக்கா?”

“புருசன் பொண்டாட்டி பின்ன எங்க உக்காருவாக?”

“நக்கோ அம்மா, வேணாம்! குடுத்தத மட்டும் போடு. நீயா சீட் குடுக்காத.”

எனக்கோ மனசு படிப்பில் முழுசாக இல்லை. தேர்வு எழுதப்போவதை வீட்டுக்காரரிடம் சொன்னபோது, “சரி” என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனவர், அப்புறம் அதைப் பற்றி மூச்சே விடவில்லை. வேலை முடிந்து வந்தால் டிவிகூடப் போடாமல் மொட்டை மாடிக்குப் போய்விடுவார். பிடிக்கவில்லை, அதுதான் முகம் கொடுக்கவில்லை என்று முடிவு கட்டிவிட்டேன். அவர் பைக் சத்தம் கேட்டாலே தாள்களை அரிசி டிரம்முக்குப் பின்னால் செருகுவேன். கோபத்தில் அவருக்குப் பிடித்த புளிக்குழம்பு வைப்பதையும் நிறுத்திவிட்டேன்.

தேர்வுக்கு மூன்று நாள் இருந்தது. “அப்பாவுக்கு இஷ்டமில்ல. நான் எழுதப் போறதில்ல” என்று மகளிடம் சொல்லிவிட்டேன்.

“அப்பா சொன்னாரா?”

“சொன்னாத்தான் தெரியணுமா?”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் தப்பாக வட்டம் போடும்போது பார்ப்பாளே, அதே பார்வை. எனக்குச் சுருக்கென்றது.

அன்று சாயங்காலமே, நான் படிப்பது பிடிக்கவில்லையா என்று அவரிடம் கேட்டுவிட்டேன். டீ டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டார்.

“பிடிக்கலன்னு நான் எப்ப சொன்னேன்? நீ வக்கீலாவப் போறேன்னதும் டிப்ளமா படிச்சவனுக்கு என்ன பேசன்னு தெரியல. படிக்கிற புள்ளைக்கு எடஞ்சலா இருக்கக் கூடாதுன்னுதான் மாடிக்குப் போனேன். பரீட்சை அன்னைக்கு லீவும் சொல்லிட்டேன். ஞாயித்துக்கெழமையே போயி சென்டரையும் பாத்துட்டு வந்தாச்சு.”

‘படிக்கிற புள்ள’ என்றாரே, அதில்தான் எனக்கு அழுகை வந்துவிட்டது.

தேர்வு முடிந்து வெளியே வந்தால், அந்த வெயிலில் பைக் பக்கத்திலேயே, உருகிப்போன ஐஸ்கிரீம் கப்போடு நின்றுகொண்டிருந்தார். இப்போது நான் மூன்று வருடச் சட்டப் படிப்பில் கடைசி வருடம். இருபது வருடம் கூடவே வாழ்ந்த மனிதரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க எனக்கு இரண்டு மாதம் ஆனதே என்று நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. அப்படி வெட்கப்படும்போதெல்லாம் அவர் மேல் பிரியம்தான் கூடுகிறது.